பிள்ளையைக் கோடை கேம்ப்புக்கு அனுப்புவது எப்படி: ஒரு கோடை போதாது

மார்ச் பிறந்தால் பர்மாவில் பள்ளிக்கூடம் கிடையாது. ஜூன் தொடக்கத்தில் மறுபடி மணி அடிக்கிற வரைக்கும் பிள்ளைகள் வீட்டில்தான். வெயில் ஏற ஏற வெளியே விட முடியாது, கரண்டு போனால் உள்ளேயும் இருக்க முடியாது, கையில் போன் மட்டும் இருக்கும். இந்த மூன்று மாதத்தில்தான் நம் தமிழ் ஆட்கள் கோயில் மண்டபத்திலோ, ஊருக்கு வெளியே யாராவது தோட்டம் கொடுத்தால் அங்கேயோ ஐந்து நாள், பத்து நாள் என்று கேம்ப் போடுகிறார்கள். காலையில் தமிழ் வகுப்பு, சாயங்காலம் விளையாட்டு, தேவாரம், இரவு அங்கேயே படுக்கை. 1960-களில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு தமிழ்ப் படிப்பு கோயில் மண்டபத்துக்குத்தான் வந்து சேர்ந்தது என்பது நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும். கேம்ப் அதன் தொடர்ச்சி.

பெகு பக்கத்தில் அப்படி ஒரு கேம்ப்பில் 2014-ல் சமையல்கட்டில் காய் நறுக்கப் போனவள் நான். இப்போது பெண் பிள்ளைகள் தங்குகிற பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே போய்த்தான் வளர்ந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு அம்மா கேட்பார், "ஒரு வாரம் போய்வந்தால் பிள்ளையிடம் என்ன அக்கா மாறிவிடப் போகிறது?" என்று. ஒரு வாரத்தில் ஒன்றும் மாறாது என்றுதான் சொல்வேன். மூன்றாவது கோடையில் லேசாகத் தெரியும், ஐந்தாவது கோடையில் தெருவில் இருப்பவர்களுக்கே தெரியும். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: கேம்ப்பில் பிள்ளை தானாகச் செய்யக் கற்ற வேலையை வீட்டுக்கு வந்ததும் நாம் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. வருஷத்துக்கு ஒரு வேலையை நம் கையிலிருந்து விட வேண்டும். இதைச் செய்யாத வீட்டில் பத்துக் கோடை போய்வந்தாலும் பிள்ளை அப்படியேதான் இருக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால்

ஐந்து, ஆறு வயதில் இராத்தங்கலுக்கு அனுப்ப வேண்டாம். காலையில் போய் மதியம் திரும்புகிற வகுப்பு போதும். எட்டு வயது சரியாக இருக்கும், சில பிள்ளைகளுக்கு ஒன்பது. வயதைவிட முக்கியமாக ஒன்று பார்க்க வேண்டும்: அம்மா அப்பா இல்லாமல் இரண்டு இரவு எங்கேயாவது தூங்கியிருக்கிறதா? அத்தை வீட்டிலோ அப்பத்தா வீட்டிலோ ஜனவரியில் ஒரு சனி ஞாயிறு விட்டுப் பாருங்கள். இராத்திரி போன் செய்து "சாப்பிட்டியா, அம்மா ஞாபகம் வருதா" என்று கேட்கக் கூடாது. அந்த ஒரு கேள்வியில் தூங்கப் போன பிள்ளை எழுந்து உட்கார்ந்து அழும்.

நம் தெருவில் பர்மியக் குடும்பங்களைப் பாருங்கள். இதே விடுமுறையில்தான் பையனுக்கு ஷின்பியு என்கிற துறவுச் சடங்கு செய்து, தலை மழித்து, காவி கட்டி, மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஏழு, எட்டு வயதுப் பையன்கூட ஒரு வாரம் மத்தியானத்துக்கு மேல் சாப்பிடாமல் அங்கே இருந்துவிட்டு வருகிறான். அந்த அம்மாக்களுக்கும் நம்மைப் போலத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் விடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய அம்மாவும் அப்படி விட்டிருக்கிறார். வீட்டை விட்டுப் பிள்ளை நாலு நாள் இருப்பது இந்த ஊரில் புதிய பழக்கம் இல்லை.

போகலாமா வேண்டாமா என்பதில் பிள்ளைக்கும் ஒரு சொல் இருக்கட்டும். எந்த வாரம் போகலாம், எந்தப் பாய் எடுத்துக்கொள்ளலாம், அத்தை மகளையும் கூப்பிடலாமா என்று கேளுங்கள். தண்டனை போல "இந்த வருஷம் கேம்ப்பில் தள்ளிவிடப் போகிறேன், பார்" என்று மட்டும் எந்தக் கோபத்திலும் சொல்லிவிடாதீர்கள்.

எந்த கேம்ப் என்று பார்ப்பது

பாட்டு, யோகா, என்னென்ன சொல்லித் தருவார்கள் என்று நோட்டீஸில் போட்டிருப்பதைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் நேரில் போய், பிள்ளைகள் படுக்கும் இடத்தையும் கக்கூஸையும் பாருங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் அங்கே வரைக்கும் விளக்கு இருக்கிறதா, குடிதண்ணீர் எங்கேயிருந்து வருகிறது. அப்புறம் இரவில் யார் தங்குகிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள். பெண் பிள்ளைகள் பக்கத்தில் இரண்டு பெண்களாவது படுக்க வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார்கள், கோபப்பட்டால் அதுவே பதில். பிள்ளையிடமும், "உன் உடம்பைத் தொட்டு யாராவது இதை அம்மாவிடம் சொல்லாதே என்றால் உடனே சொல்ல வேண்டியது அதைத்தான்" என்று பர்மிய மொழியிலாவது தமிழிலாவது, அதற்குப் புரிகிற மொழியில், ஒரு தடவை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.

வெயிலையும் கேட்க வேண்டும். 2024 ஏப்ரல் 28-ஆம் தேதி மக்வே பகுதியில் சௌக் ஊரில் 48.2 டிகிரி அடித்தது. நம் பக்கம் அவ்வளவு வராது என்றாலும் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் பிள்ளைகளை வெளியே ஓடவிடுகிற கேம்ப் வேண்டவே வேண்டாம். முடிந்தால் மார்ச்சிலேயே போடுகிற கேம்ப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் நடுவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரை வருஷப் பிறப்பும் சேர்ந்து வந்துவிடும், ரோட்டில் வண்டி கிடைக்காது, மே கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மத்தியானம் மண்டலே, சகாயிங் பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியது. அதுவும் விடுமுறைக் காலம்தான். அதற்கு முன்னால் நாங்கள் இதைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது முதல் நாள் காலையில் முதல் வேலையாக, ஆடினால் எந்த வழியாக வெளியே வந்து எந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்று பிள்ளைகளை ஓடவிட்டுப் பழக்குகிறோம். நீங்கள் பார்க்கிற கேம்ப்பிலும் இதைக் கேளுங்கள். மண்டபச் சுவரில் விரிசல் இருந்தால் அங்கே பாய் போட விடாதீர்கள்.

காகிதம் ஒன்று இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளை இரவு தங்கினால் வார்டு அலுவலகத்தில் விருந்தாளிப் பட்டியல் கொடுக்க வேண்டும். அதனால் குடும்பப் பட்டியலின் நகல் இரண்டு எடுத்து, ஒன்றை கேம்ப்பிலும் ஒன்றைப் பிள்ளையின் பையிலும் வையுங்கள். மருந்து அலர்ஜி இருந்தால் அதே காகிதத்தின் பின்பக்கம் பெரிதாக எழுதுங்கள்.

ஒரு வருஷம் என் சின்னவளை வேறொரு ஊர் கேம்ப்புக்கு அனுப்பினேன். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள், எங்களுக்குச் சொல்லவில்லை. "பயந்துவிடுவீர்கள் என்று சொல்லவில்லை" என்றார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அப்படிச் செய்யவே கூடாது. அன்றிலிருந்து எங்கள் கேம்ப்பில், காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போன் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

பையை யார் கட்டுவது

பிள்ளைதான். எட்டு வயதுப் பிள்ளை கட்டினால் இரண்டு மணி நேரம் ஆகும், நாம் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவோம், அதனால்தான் எல்லோரும் தாங்களே கட்டிவிடுகிறார்கள். கேம்ப்பில் மூன்றாம் நாள் "என் துண்டைக் காணோம்" என்று அழுகிற பிள்ளையின் பையைத் திறந்து பார்த்தால் அடியில் அழகாக மடித்து வைத்த துண்டு இருக்கும். அம்மா வைத்தது, பிள்ளைக்குத் தெரியாது. தானே வைத்த பிள்ளைக்கு எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரியும்.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வாருங்கள். நாளைக்கு ஒன்று வீதம் சட்டை வேண்டாம், நாலு போதும், துவைத்துப் போடப் பழகட்டும். லுங்கி இரண்டு, கொசுவலை, சொந்தத் தட்டும் டம்ளரும், முகத்தில் பூசுகிற தனக்காவுக்குக் கட்டை வேண்டாம், டப்பாவில் அரைத்தது போதும். செருப்பு மட்டும் இரண்டு ஜோடி, ஏனென்றால் கோயில் வாசலில் நாற்பது ஜோடி ஒரே மாதிரி ரப்பர் செருப்பு கிடக்கும். துணியில் பெயர் எழுதினால் துவைக்கத் துவைக்கப் போய்விடும். அதனால் எல்லாத் துணியின் ஓரத்திலும் ஒரே நிற நூலால் இரண்டு தையல் போட்டுவிடுங்கள், என் பிள்ளைகளுக்குப் பச்சை. டார்ச் கட்டாயம். வயலை ஒட்டின இடமென்றால் விரியன் பாம்பு இருக்கும், இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கீழே கால் வைக்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளை என்றால் அதற்காக அனுப்பாமல் இருக்க வேண்டியதில்லை. எட்டு ஒன்பது வயதிலும் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. பார்த்துக்கொள்கிற அக்காவிடம் தனியாகச் சொல்லுங்கள், கூடுதலாக இரண்டு லுங்கியும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் கொடுங்கள். நாங்கள் பத்து மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போவோம், விடியும் முன் துணியை அலசிக் கொடியில் போட்டுவிடுவோம். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. சொல்லாமல் அனுப்பினால்தான் அந்தப் பிள்ளை முதல் காலையிலேயே எல்லோர் முன்னாலும் குன்றிப்போய் நிற்கும், அடுத்த வருஷம் வராது.

இறக்கிவிட்டதும் கிளம்புங்கள்

பிள்ளையிடம் எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு: "பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் போடு, அப்பா உடனே வந்து கூட்டிப்போகிறேன்." தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வீட்டு ஏக்கத்தைப் பற்றி 2007-ல் கொடுத்த அறிக்கையிலும் இப்படி வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அனுபவத்தில் எனக்கும் இது தெரியும். அந்த வாக்கைக் கேட்ட பிள்ளைக்கு, "உன்னால் முடியாது என்று அப்பாவே நினைக்கிறார்" என்றுதான் காதில் விழுகிறது. முதல் இரவு அழுகை வந்ததும் அதற்கு ஒரே வழி போன்தான் என்று ஆகிவிடும். அதற்குப் பதிலாக, "வீட்டு ஞாபகம் வரும், எல்லோருக்கும் வரும், அப்போது போய் அக்காவிடம் சொல், தண்ணீர் குடி, காலையில் கொஞ்சம் குறைந்திருக்கும்" என்று உள்ளபடி சொல்லுங்கள்.

என் மூத்தவன் 2016-ல் முதல் தடவை வந்தபோது எட்டு வயது. ஒன்பது மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவோம். நிறுத்தினதும் மண்டபம் முழுக்க ஒரே இருட்டு, தவளைச் சத்தம் மட்டும் கேட்கும். கொசுவலைகளுக்கு நடுவில் ஒரு வலை மட்டும் உள்ளேயிருந்து மஞ்சளாக ஒளி விட்டுக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் இவன், போர்வைக்குள் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறான். அணைக்கச் சொன்னேன். "அணைத்தால் வீடு ஞாபகம் வருது" என்றான். நான் அவன் அம்மா, மூன்று அடி தூரத்தில் நிற்கிறேன், ஆனால் அங்கே நான் எல்லோருக்கும் அக்கா, தூக்கி மடியில் வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெரிய பையனிடம், "தம்பி தூங்கும் வரைக்கும் பேசிக்கொண்டிரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காலையில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் பேட்டரி வாங்கிக் கொடுத்தேன், அது கேம்ப் முடிகிற வரைக்கும் வந்தது.

ஆகவே வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், பாயை எங்கே போடுவது என்று காட்டிவிட்டு, நெற்றியில் விபூதி பூசிவிட்டு, கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு நடப்பது

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் எல்லாம் கெட்டுப்போகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

திரும்பி வந்த பிள்ளை அன்று தூங்கும், அல்லது எரிந்து விழும், அல்லது ஒன்றும் பேசாது. "என்ன கற்றுக்கொண்டாய், ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று மாமா, சித்தப்பா எல்லோர் முன்னாலும் நிறுத்தாதீர்கள். நாலு நாள் கழித்துச் சாப்பிடும்போது தானாக வரும். அன்று இரவு சாப்பாட்டை மட்டும் கவனியுங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டுப் பிள்ளை ஒரு கணம் தட்டோடு எழுந்து நிற்கும். கேம்ப்பில் பத்து நாளாகத் தன் தட்டைத் தானே கழுவின பழக்கம், கால் தானாகக் குழாய்ப் பக்கம் போகும். என் வீட்டில் அந்த நேரத்தில் என் மாமியார், "கொடு சாமி, பத்து நாளா கஷ்டப்பட்ட பிள்ளை" என்று பாசமாகத் தட்டை வாங்கிக்கொண்டார். அவன் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான், அந்த வருஷத்துக் கேம்ப் அந்த நொடியோடு போய்விட்டது. அடுத்த வருஷம் நான் முன்கூட்டியே அத்தையிடம் பேசி, "இந்த ஒரு தட்டை மட்டும் விட்டுவிடுங்கள் அத்தை" என்று கேட்டுக்கொண்டேன். சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும், சோப்பு வழவழப்புப் போகாது, தரையெல்லாம் தண்ணீர். பொறுத்துக்கொண்டோம். மழைக்காலம் முடிவதற்குள் ஒழுங்காகக் கழுவினான்.

முதல் வருஷம் தட்டு. இரண்டாம் வருஷம் தன் துணியைத் துவைப்பது. அடுத்தது காலையில் தானே எழுந்திருப்பது, அடுத்தது கடைக்குப் போய்க் கணக்கோடு மீதி வாங்கிவருவது. எங்கள் வீட்டு வரிசை இது, உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். ஒரே வருஷத்தில் நாலையும் விடாதீர்கள், ஒன்றும் நிற்காது. பிள்ளை முழுதாகச் செய்கிறதா என்று பார்க்காமல், விட்ட வேலையை நீங்கள் திரும்ப எடுக்காமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இரண்டாம் வருஷம் வேண்டாம் என்று சொல்லும்

சொல்லும், ஆச்சரியப்படாதீர்கள். முதல் வருஷம் என்ன நடக்கும் என்று தெரியாமல் போன பிள்ளைக்கு இப்போது கொசுவும் காலைக் குளிரும் அதே உப்புமாவும் தெரியும். போன வருஷத்துச் சினேகிதன் வேறு வரமாட்டானாம். இந்த வருஷம் வேறு கேம்ப் பார்க்கலாமா என்று உங்களுக்கும் தோன்றும். இடம் மோசமாக இருந்தால் ஒழிய மாற்றாதீர்கள். அதே இடம், அதே வேப்பமரம், அதே ஆட்கள் இருந்தால்தான் பிள்ளைக்குத் தான் வளர்ந்தது தெரியும். போன வருஷம் எட்டாத கொடிக்கயிறு இந்த வருஷம் எட்டுகிறது. போன வருஷம் எதைப் பிறரிடம் கேட்டு நடந்ததோ அதைப் புதிதாக வந்த பிள்ளை இப்போது இதனிடம் கேட்கிறது. புது இடத்தில் ஒவ்வொரு வருஷமும் அது புதுப் பிள்ளையாகவே இருக்கும்.

மூன்றாம் நான்காம் வருஷத்தில் சண்டை வரும். பத்து வயதுப் பிள்ளைகள் ஓர் இடத்தில் இருந்தால் கூட்டு மாறும், ஒருத்தியை ஒதுக்குவார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். உங்கள் பிள்ளை கடிதத்தில் எழுதினால் உடனே நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு அந்தப் பிள்ளையை வேறு குழுவில் போடச் சொல்லாதீர்கள். ஒரே மண்டபத்தில் நாளைக்கும் பார்த்தாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் தாங்களே பேசி முடித்துக்கொள்கிறார்கள், அதைக் கற்கத்தான் இவ்வளவு தூரம் அனுப்பினோம். ஆனால் அடி, மிரட்டல், சாப்பாட்டைப் பிடுங்குவது, பெரியவர் யாராவது சம்பந்தப்பட்டது என்றால் அது சண்டை கிடையாது. அன்றே கிளம்பிப் போங்கள்.

பெண் பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள்

பதினொன்று, பன்னிரண்டு வயதில் நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் கேம்ப்புக்கு வருவது நின்றுபோகிறது. பெரிய மனுஷி ஆகிவிட்டாள், சடங்கு செய்தாயிற்று, இனி வெளியில் இராத்தங்க வேண்டாம் என்று அப்பத்தா சொல்வார், அப்பா தலையாட்டுவார். அதே வீட்டுப் பையன் போய்க்கொண்டிருப்பான். எட்டு வயதில் கையெழுத்து நடுங்கி, பத்து வயதில் மேடை ஏறி, பன்னிரண்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்த பிள்ளையை, பலன் கிடைக்கப் போகிற வருஷத்தில் வீட்டில் உட்காரவைக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறுவதில்லை.

உங்கள் பயம் பாதுகாப்பைப் பற்றி என்றால், நான் மேலே சொன்னதை எல்லாம் கேளுங்கள், நேரில் வந்து ஓர் இரவு எங்களோடு படுத்துப் பாருங்கள். அம்மாக்களுக்கு அதற்கு இடம் கொடுக்கிறோம், கொடுக்காத கேம்ப்புக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கவலை மாதவிடாயைப் பற்றி என்றால், பத்து வயதிலிருந்தே பையில் ஒரு துணிப்பை தனியாக வையுங்கள்: நாப்கின் ஏழெட்டு, கூடுதல் உள்ளாடை, கருத்த லுங்கி ஒன்று, பழைய செய்தித்தாள். முதல் தடவை அங்கேயே வந்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒருவரின் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி விடுங்கள். எங்கள் கேம்ப்பில் இதுவரை மூன்று பிள்ளைகளுக்கு அப்படி நடந்திருக்கிறது. ஒருத்தி கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வரவே இல்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்புறம் கதவு இரண்டு விரல் அளவு திறந்து கை மட்டும் வெளியே வந்தது. அவள் அடுத்த வருஷமும் வந்தாள். கேம்ப் கோயில் மண்டபத்தில் என்றால், அந்த நாட்களில் சன்னதிப் பக்கம் போகாமல் இருக்க விரும்பும் பிள்ளைக்கு வேறு வேலை இருக்கிறதா என்று முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவளைத் தனியாக உட்காரவைக்கிற வழக்கம் மட்டும் வேண்டாம்.

பதினாலு வயதுக்கு மேல் டியூஷனா கேம்ப்பா

மேல் வகுப்புக்குப் போனதும் மார்ச்சிலேயே டியூஷன் தொடங்கிவிடுகிறது. மூன்று மாதமும் டியூஷன் வேண்டுமா என்பது உங்கள் முடிவு. அதில் ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எட்டு வயதில் போகும்போது பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்ளக் கற்கிறது, பதினைந்தில் போனால் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளக் கற்கிறது, அதை டியூஷனில் கற்க முடியாது.

1907-ல் இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் என்பவர் இருபது பையன்களை வைத்து ஒரு கேம்ப் போட்டார், சாரணர் இயக்கமே அங்கேயிருந்துதான் பிறந்தது. அவர் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் உதவுகிறது: பையன்களை நாலு குழுவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பையனைத் தலைவனாக வைத்தார். நாங்களும் வயது வாரியாகப் பிரிக்காமல் ஒரு பெரிய பிள்ளை, இரண்டு நடு வயது, மூன்று சின்னது என்று கலந்து போடுகிறோம். பெரிய பிள்ளைக்கு ஒப்புக்கு ஒரு வேலை கொடுக்கக் கூடாது. அது செய்யாவிட்டால் கேம்ப் நிற்கும் என்கிற மாதிரியான வேலையாக இருக்க வேண்டும். மார்க்கெட் பணத்தைக் கையில் கொடுத்துக் காய் வாங்கி வரச் சொல்வோம். நாற்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஐந்து கிலோ அரிசி என்று தெரிந்துகொண்டு உலை வைக்கச் சொல்வோம். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் தலை தட்டின டீஸ்பூனால் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்வோம், ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பார். ஒரு நாள் அரிசி குறைந்துபோய் இரவு எல்லோரும் அரை வயிறு சாப்பிட்டோம். கணக்குப் போட்ட பையன் அன்று யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து அரிசியை அளந்துகொண்டிருந்தான்.

இடையில் விட்டுப்போனாலும் பரவாயில்லை. 2020, 2021 இரண்டு கோடையும் எங்களுக்குக் கேம்ப் இல்லை. 2022-ல் என் மகன் பதினாலு வயதில் திரும்ப வந்தபோது மூன்று நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், போனைத் தேடிக் கை துழாவிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் சின்னப் பையன்கள் இவனைப் பந்து விளையாட இழுத்துக்கொண்டு போனார்கள். அதனால் இரண்டு வருஷம் போகாத பிள்ளையை "இனிமேல் எதற்கு" என்று நிறுத்த வேண்டாம், மூன்று நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதங்களை எடுத்து வையுங்கள்

போன் வாங்கி வைத்துவிடுகிற கேம்ப்பாக இருந்தால் பிள்ளைகள் கடிதம் எழுதுவார்கள், காய்கறி வாங்கப் போகிற வண்டியில் ஊருக்கு வந்து சேரும். தூக்கிப் போடாதீர்கள், பிஸ்கட் டின் ஒன்றில் வருஷம் எழுதிப் போட்டு வையுங்கள். பிள்ளை வளர்கிறதா என்று சந்தேகம் வருகிற அன்று எடுத்துப் பாருங்கள்.

2016-ல் என் மகன் அப்பத்தாவுக்கு எழுதியது கரும்பலகையைப் பார்த்து எழுதினது: "அன்புள்ள அப்பத்தா, நான் நலம். நீங்கள் நலமா. இங்கு எல்லாம் நன்றாக உள்ளது." அன்று நாற்பது வீட்டுக்கும் இதே கடிதம்தான் போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர், தெருவில் பர்மிய மொழி, வீட்டில் பாதிப் பாதி பேசுகிற பிள்ளை அதை எழுதினதே எங்களுக்குப் பெரிது, அப்பத்தா சாமி அலமாரியில் வைத்துக்கொண்டார். 2018-ல் வந்தது அவனே எழுதினது: "சாம்பாரில் தண்ணி தான் இருக்கு. அம்மா கிட்ட சொல்லாதீங்க அவங்க தான் செய்றாங்க." எழுத்துப் பிழை ஐந்து இருந்தது. ஒரு மொழியில் குறை சொல்ல வந்துவிட்டால் அந்த மொழி வந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

2023-ல் பதினைந்து வயது. அந்த வருஷம் மாமியாருக்கு உடம்பு முடியாமல் நான் கேம்ப்புக்குப் போகவில்லை, முதல் தடவையாக அவன் தனியாகப் போனான். அரைப் பக்கம்தான் கடிதம். அப்பத்தா மருந்து சாப்பிடுகிறாரா என்று ஒரு வரி. இந்த வருஷம் சின்னப் பையன்கள் பதினோரு பேர், இரண்டு பேர் முதல் தடவை வந்தவர்கள் என்று ஒரு வரி. கடைசியில், "நாளைக்கு வண்டி வரும்போது டார்ச் பேட்டரி ஒரு டஜன் வாங்கி அனுப்புங்கள் அம்மா, இவர்கள் இராத்திரி அணைக்க மாட்டேன் என்கிறார்கள்" என்று எழுதியிருந்தான்.